பாதரசக்காரன் பொண்டாட்டி

அண்ணாச்சி, மடியில வச்சிருக்க பெட்டி பிரஷர் பாக்குற மிஷின்தானே? பேட்டரி போட்டுப் பட்டனை அமுக்கினா நம்பர் காட்டுமே, அது. அம்மாவுக்கா? நல்லா இருக்கட்டும். நான் குறை சொல்லல. ஆனா அடுத்தடுத்து ரெண்டு தடவை பாருங்க, ரெண்டு நம்பர் சொல்லும். பாதரச மிஷின் அப்படிச் சொல்லாது. பொய் சொல்லத் தெரியாத சாமான் அது. முப்பத்தினாலு வருஷம் அதோட பழகியிருக்கேன், அதனால சொல்லுதேன்.

பேரு சொரிமுத்து. தென்காசியில அந்தப் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. பாதரசக்காரர்னு சொன்னாத்தான் தெரியும். செங்கோட்டையில இருந்து கடையநல்லூர் வரைக்கும் எந்த டாக்டரோட மிஷின் மக்கர் பண்ணினாலும் வீட்டுல என் வேலை ரூமுக்குத்தான் வரும். டியூபைக் கழட்டி, அழுக்குப் பிடிச்ச பாதரசத்தை மெல்லிசு ஆட்டுத்தோல்ல ஊத்திப் பிழிஞ்சு வடிகட்டி, திரும்ப ஊத்தி, சைபர்ல கொண்டாந்து நிறுத்தணும். கொஞ்சம் மேல நின்னாப் போதும், ஒண்ணுமில்லாத ஆளுக்கு ஆயுசுக்கும் மாத்திரை எழுதிருவாரு டாக்டர். அந்தப் பொறுப்பு என் கையில இருந்தது. இப்பத்தான் எல்லாரும் உங்க மாதிரிப் பெட்டிக்கு மாறிட்டாங்க.

இதே பஸ்ஸுல பாளையங்கோட்டைக்குத்தான் போறேன். மக வீட்டுல என் வீட்டுக்காரி இருக்கா. பதினெட்டு நாளாச்சு, கூட்டிட்டு வரணும். சண்டையான்னு கேட்டா சண்டை இல்ல. ஒரு மனுஷன் நடுவுல வந்தான். வந்தாரு. மரியாதையாவே சொல்லுதேன், நமக்கு அவர் மேல ஒரு இதும் கிடையாது.

அவர் பேரு திரவியம். சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவர். சம்சாரம் தவறி நாலு வருஷம் ஆச்சு. எங்க தெரு முனையில இருக்க லைப்ரரியில சனிக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டம்னு ஒண்ணு நடக்கு. முப்பது பேரு வருவாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்க. அதுல போன மாசியில இருந்து இவரு ரசவாதத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. சித்தர்கள் பாதரசத்தை வச்சு என்ன சொல்ல வந்தாங்க, அதுக்கு என்ன உள்ளர்த்தம், அப்படின்னு வாராவாரம் ஒரு மணி நேரம். என் வீட்டுக்காரி உலகம்மா பக்கத்து வீட்டு அம்மாவோட துணைக்குப் போனா. துணைக்குப் போனவ முதல் வாரமே ஒரு மாதிரியாத்தான் திரும்பி வந்தா.

தோசை ஊத்திக்கிட்டே சொல்லுதா, "ஏங்க, பாதரசம் உலோகமா இருந்தும் உலோகம் மாதிரி நிக்காதாமே. தண்ணி மாதிரி ஓடுமாம், ஆனா எதையும் நனைக்காதாம். நம்ம மனசும் அப்படித்தானாம். தொட்டா நழுவும், சிந்தினா நூறாப் போகும், பக்கத்துல கொண்டாந்தா மறுபடி ஒண்ணாச் சேந்துக்குமாம்."

நான் தட்டுல கைய வச்சுக்கிட்டு அவளையே பாக்கேன். முப்பத்தினாலு வருஷமா நான் அதைத்தான் கையில வச்சு உருட்டுதேன். சிந்தினா நூறாப் போகும்னு எனக்கு யாரு சொல்லணும்? குனிஞ்சு குனிஞ்சு அதைப் பொறுக்கித்தான் எனக்கு இடுப்பே போச்சு. இவ ஒரு நாள் அதைப் பத்தி என்கிட்டக் கேட்டிருப்பாளா? கேட்டதில்ல, அண்ணாச்சி.

பொய் சொல்லக் கூடாது, ஒரு தடவை கேட்டா. கல்யாணமாகி ரெண்டாவது மாசம். ரூம் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "நானும் உள்ள வந்து பாக்கட்டுமா"ன்னா. நான் போட்டேன் ஒரு சத்தம். ஏன்னா கழுத்துல தாலி, தாலிக்கொடி, கையில வளையல், எல்லாம் தங்கம். பாதரசம் தங்கத்தைக் கண்டா விடாது. ஒரு பொட்டு பட்டாலும் போதும், வெள்ளை வெளேர்னு ஆக்கிரும், அப்புறம் நகை மக்கிப் பொடியும். கால்ல மெட்டி வெள்ளி, அதையும் பிடிச்சுக்கும். புதுசாத் தாலி கட்டினவளைக் கழட்டிட்டு வான்னா சொல்ல முடியும்? இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னேன். அவ நல்லவ, சொன்னாக் கேட்டுக்குவா. அதுக்கப்புறம் வாசப்படி மிதிச்சதே கிடையாது. காப்பியைக் கூட வெளியில ஸ்டூல்ல வச்சுட்டு ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிருவா. நானும் என் கல்யாண மோதிரத்தைக் கழட்டி பீரோவுல போட்டவன்தான், இன்னைக்கு வரைக்கும் எடுக்கல. அவ்வளவு சுத்தமா இருந்திருக்கோம். அவ நகையில ஒரு வெள்ளைப் புள்ளி காட்டச் சொல்லுங்க பாப்போம்.

ரெண்டாம் வாரம் போயிட்டு வந்து, "பாதரசம் சிவனோட விந்துவாம்ங்க, கந்தகம் சக்தியாம். ரெண்டையும் சேத்து அரைச்சா முதல்ல கருப்பா ஆகுமாம், பக்குவம் பண்ணினாச் செவப்பா வருமாம், அதுக்கப்புறம் அது ஓடாதாம்"ங்கா. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. கந்தகப் பொடி ஒரு டப்பா என் ரூம்லயே இருக்கு. மேசை இடுக்குல பாதரசம் போயிருச்சுன்னா அதைத் தூவிக் கெட்டிப்படுத்தித்தான் பெருக்கி அள்ளுவேன். நான் பெருக்கி அள்ளுறது இவளுக்குத் தெரியாது, திரவியம் சார் சொன்னாச் சிவசக்தி. நான் சொன்னேன், "அது குப்பை அள்ளுற சாமான்". அவ திரும்பி, "அப்ப உங்களுக்குத் தெரியுமா இது?"ன்னா. தெரியுமாவா? எனக்கு வந்த கோவத்துல எந்திரிச்சுப் போயிட்டேன்.

நான் பொறாமைப்பட்டேன்னு நெனச்சிராதிய. பொறாமைப்பட அவர்கிட்ட என்ன இருக்கு? ஒரு சொட்டு பாதரசம் கூடக் கிடையாது.

சரி, இவ்வளவு தூரம் வந்துட்டு உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. வயிறு எரிஞ்சுது, அண்ணாச்சி. சனிக்கிழமை மத்தியானம் ஆயிட்டா அவ தலை சீவுறதையும், சலவை பண்ணின சேலையா எடுத்து வைக்கிறதையும் பாத்து எரிஞ்சுது. ஒரு நோட்டு வாங்கியிருந்தா, நாப்பது பக்க நோட்டு. அவ இல்லாத நேரத்துல அதைப் புரட்டிப் பாத்தேன். ஒரு பக்கம் முழுக்க "ரசம், ரசம், ரசம்", பாதரசத்துக்குச் சித்தர் சொல்லுற பேரு. அவர் பேரு எங்கயாவது எழுதியிருக்காளான்னு அட்டையில இருந்து அட்டை வரைக்கும் தேடினேன். இல்ல. இல்லாததே எனக்குச் சந்தேகமாப் போச்சு.

நாலாவது வாரம் நானே போனேன். கடைசி பெஞ்சுல உக்காந்தேன். அவ ரெண்டாவது வரிசை. திரவியம் சார் கண்ணை மூடிக்கிட்டுப் பேசுதாரு. குரல் வேற நெய்யில நனைச்ச மாதிரி. "செம்பைத் தங்கமாக்குறதுன்னு சித்தர் சொன்னது செம்பைப் பத்தியில்ல. மனுஷனைப் பத்தி. ரசத்தைக் கட்டினவன்னா மனசைக் கட்டினவன். நெருப்புல வச்சா பறந்து போற அதே ரசம், கட்டுப்பட்டுட்டா நெருப்புலயும் நிக்கும். வெளிநாட்டு ரசவாதிகளும் இதையேதான் சொன்னாங்க. வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல தூது போறது பாதரசம்னாங்க. ஆணும் அதுதான், பொண்ணும் அதுதான்னாங்க."

எல்லாரும் ஆ-ன்னு கேக்காங்க. எனக்கு எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்னு இருந்துச்சு. ஐயா, நீங்க பாதரசத்தைத் தொட்டிருக்கீங்களா? கேக்கல. ஏன்னா அதுக்குள்ள உலகம்மா எந்திரிச்சிட்டா.

வீட்டுல ரெண்டு வார்த்தை சேந்தாப்ல பேசாதவ, அண்ணாச்சி. முப்பது பேருக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு கேக்கா, "சார், ரசம் தங்கத்தைக் கண்டா முழுங்கிரும்னு சொன்னீங்க. தங்கத்துக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு கிட்டயே விடாம வச்சிருந்தா, அப்ப ரசத்துக்கு என்ன ஆகும்?"

அவர் கண்ணைத் திறந்து இவளையே பாத்தாரு. "தங்கத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ரசந்தான் பாவம், தனியா ஓடிக்கிட்டே கெடக்கும்"னாரு.

இவ உக்காந்து முந்தானையால கண்ணைத் தொடச்சா. நான் பாத்தேன், என் ரெண்டு கண்ணால பாத்தேன். என்ன பேச்சு அது? கட்டுன புருஷன் பின்னால உக்காந்திருக்கான், இவ தங்கம்ங்கா, அவரு தனியாக் கெடக்கேன்ங்காரு. நீங்களே சொல்லுங்க, சம்சாரம் இல்லாத மனுஷன் வேற யாரைச் சொல்லுவாரு?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அடுத்த வாரம் நானும் ஒண்ணு கொண்டு போனேன்.

ரூம்ல இருந்ததுலயே நல்ல பாதரசமா எடுத்து நாலு தடவை வடிகட்டினேன். முகம் பாக்கலாம் அதுல. உள்ளங்கையில அடங்குற பிளாஸ்டிக் பாட்டில்தான், ஆனா ரெண்டு கிலோ. பழகாதவனுக்கு அது தெரியாது. இத்தனூண்டு பாட்டில்தானேன்னு ஒரு கையால வாங்குவான், கை அப்படியே தொப்புன்னு கீழ போயிரும். எனக்கு அதுதான் வேணும். எல்லாரும் பாக்க அவர் கை கீழ போகணும். உலகம்மா பாக்கப் போகணும்.

கூட்டம் ஆரம்பிக்கையிலயே முன்னால போயிட்டேன். "சார், அஞ்சு வாரமாப் பேசுதீங்க, ஒரு தடவை தொட்டுப் பாருங்க"ன்னேன். பளபளப்பு தெரியட்டும்னு மூடியையும் திறந்துட்டேன். அதுதான் நான் பண்ணின முட்டாள்தனம். அவரு சந்தோஷமாக் கைய நீட்டினாரு, நெசமாவே சின்னப்புள்ளை மாதிரி நீட்டினாரு. நான் விட்டேன். கை போச்சு, பாட்டிலும் போச்சு.

பாட்டில் உடையல. திறந்த வாய் வழியாப் பாதிக்கு மேல தரையில கொட்டிருச்சு. லைப்ரரித் தரை சிமெண்டு, ஏத்த இறக்கமாக் கெடக்கும். ஆயிரம் முத்தா நாலாப் பக்கமும் ஓடுது. அப்பத்தான் எனக்கு உறைக்கு, ஹால் முழுக்கப் பொம்பளைங்க. எல்லாரும் செருப்பை வெளியில விட்டுட்டு வெறுங்காலோட இருக்காங்க. அத்தனை கால்லயும் மெட்டி, கொலுசு. அத்தனை கழுத்துலயும் தாலி. "எந்திரிங்க, மேல ஏறுங்க, தங்கத்துல பட்டாப் போயிரும்"னு கத்தினேன். அந்தக் களேபரத்தை என்ன சொல்ல! பதினெட்டுப் பொம்பளைங்க சேலையைத் தூக்கிக்கிட்டுப் பெஞ்சு மேல ஏறிட்டாங்க. தாலியை ரவிக்கைக்குள்ள திணிக்காங்க. ஒரு அம்மா என்னைய வஞ்ச வசவை உங்ககிட்டச் சொல்ல முடியாது. லைப்ரரியன் ரிஜிஸ்தரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. திரவியம் சார் நீட்டின கைய மடக்காம அப்படியே சிலையா நிக்காரு.

நான் முழங்கால் போட்டு ரெண்டு போஸ்டு கார்டை வச்சுக் கூட்டுதேன். பாதரசத்தை அப்படித்தான் அள்ளணும், ஒரு அட்டையால தள்ளி இன்னொரு அட்டையில ஏத்தணும். ஜன்னலைத் திறங்கன்னு சத்தம் போட்டுக்கிட்டே நிமிந்து பாக்கேன். எல்லாரும் மேல நிக்காங்க, உலகம்மா மட்டும் கீழ நிக்கா.

நின்னுக்கிட்டுத் தாலியைக் கழட்டுதா, அண்ணாச்சி.

வளையலைக் கழட்டினா. காலைத் தூக்கி மெட்டியைக் கழட்டினா. எல்லாத்தையும் கர்ச்சீப்புல முடிஞ்சு திரவியம் சார் கையில வச்சா. எம் பொண்டாட்டி. நான் கட்டின தாலி. கிட்டத்துல நின்னவரு அவர் ஒருத்தர்தான்னு பின்னால சொன்னா. அதெல்லாம் ஒரு காரணமா? பெஞ்சு மேல பதினெட்டுப் பேரு இல்லையா? ஜன்னல் திட்டு இல்லையா?

வச்சுட்டு வந்து எனக்கு எதுக்க உக்காந்தா. சேலையைச் சொருகிக்கிட்டு, என் கையில இருந்த ஒரு கார்டை வாங்கி, நான் அள்ளுற மாதிரியே அள்ளுதா. எங்க கத்துக்கிட்டாளோ, ஒரு முத்து சிதறல. ரூம் வாசல்ல காப்பி வைக்கையில பாத்திருப்பாளாக்கும். ஒரு கார்டு நெறையச் சேத்து, அதை உள்ளங்கையில சரிச்சா. தொடாதேன்னு சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ள சொல்லுதா, "எம்புட்டுக் கனமா இருக்குங்க இது! இம்புட்டையுமா நீங்க ஒத்தையிலயே…"

முடிக்க விடல நான். கர்ச்சீப்பு அந்தாளு கையில இருக்கது மட்டுந்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. "தாலியவே அவர் கையில குடுத்துட்டே, இனி என்னட்டி, அவர் வீட்டுக்கே போயிரு"ன்னு கத்திட்டேன். முப்பது பேருக்கு முன்னால.

அவ கையில இருந்ததைப் பாட்டில்ல ஊத்தினா. மிச்சம் இருந்ததையும் பொறுமையா அள்ளினா, பெஞ்சுக்கு அடியில எல்லாம் தவந்து போய் அள்ளினா. எந்திரிச்சுக் கை கழுவிட்டு வந்தா. திரவியம் சார் முடிச்சை அவகிட்ட நீட்டினாரு. அவ வாங்கல. "அவுககிட்டக் குடுங்க சார்"னுட்டு வெளியில இறங்கிப் போயிட்டா. நான் கட்டின தாலியை நான் அடுத்தவன் கையில இருந்து வாங்கினேன், அண்ணாச்சி. இந்தக் கேவலம் யாருக்கு வரும்?

வீட்டுக்குப் போயி ஒரு மஞ்சக் கிழங்கை மஞ்சக் கயித்துல கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டா. தாலி அடகுல இருக்கையில எல்லாரும் போடுறதுதான். அதோட மறுநாள் முதல் பஸ்ஸுக்கு மக வீட்டுக்கு. நகையை நான் லென்ஸ் வச்சுப் பாத்தேன். ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது.

மூணாம் நாள் அந்தப் பாட்டிலைத் தூக்கிட்டு திரவியம் சார் வீட்டுக்குப் போனேன். மேசையில வச்சேன். "எனக்கு இனி இது வேண்டாம். எவ்வளவு உருட்டியும் எனக்கு ஒரு அர்த்தமும் தெரியல. நீங்களே வச்சுக்கிட்டுப் பேசுங்க"ன்னேன். குத்தணும்னுதான் சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "சொரிமுத்து, நான் வெறும் வாய்தான். நீங்க அதோட வாழ்ந்திருக்கீங்க. உங்களை நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கு"ன்னாரு. நடிப்பு. எனக்கா தெரியாது? வந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில மக வடிவு போன் பண்ணினா. "அப்பா, தாலியைக் கொண்டு வந்து கூப்பிட்டா அம்மா வரமாட்டா போல. அந்தப் பாதரசப் பாட்டிலைக் கொண்டு வரச் சொல்லுதா"ங்கா. பாத்தியளா? இன்னும் அந்தாளு பேச்சு அவ மண்டையை விட்டுப் போகல. நான் தாலியை மட்டும் எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். இந்தா, சட்டைப் பையில இருக்கு.

என்ன கேட்டிய? அவ அந்தத் திரவியம் சாரைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காளாவா? நல்லாக் கேட்டிய! வாயைத் திறந்தா அவரு சொன்ன…

இல்ல, இருங்க. பாதரசத்தைப் பத்தித்தான் சொல்லுவா. அவரு எந்த ஊரு, புள்ளைங்க எங்க இருக்கு, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுதாரு, ஒண்ணும் சொன்னதில்ல. நானாத்தான் விசாரிச்சேன் அதெல்லாம். அவ பேசினது பூராப் பாதரசந்தான்.

பாதரசம்னா தெரு முழுக்க என் பேருல்லா, அண்ணாச்சி.

இது எந்த ஊரு, ஆலங்குளமா? தென்காசிக்குத் திரும்பப் போற பஸ் எதுக்க நிக்கும்லா இங்க? கண்டக்டர், கண்டக்டர், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, நான் எறங்கணும். டிக்கெட்டு பாளையங்கோட்டைக்குத்தான், இருக்கட்டும், எறங்குதேன். அண்ணாச்சி, அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. திரவியம் சார்கிட்டப் போயி நிக்கணும். குடுத்த பாட்டிலைத் திருப்பிக் கேக்கணும். தரலன்னா கால்ல விழுந்தாவது… சே, கால்ல எல்லாம் விழ மாட்டேன். கேப்பேன். நல்லபடியாத்தான் கேப்பேன்.